முத்தட்டும் எண்டவை

இண்டைக்கும் ஆராவது ஒரு மாங்காயைக் கையிலை பிடிச்சுப் பாத்து "இன்னும் கொஞ்சம் முத்தட்டும்" எண்டால் எனக்குப் பத்திக்கொண்டு வரும். மாங்காய் பாவம், அது என்ன செய்தது? பிடிச்ச ஆளும் ஒண்டும் செய்யேல்லை. ஆனால் அந்த ஒரு சொல்லாலைதான் என்ரை இடக்கண் போனது. போக்கினது வெளியாக்கள் இல்லை, என்னைத் தூக்கி வளத்த ஆக்கள். கோவம் ஆறினாப்பிறகு நிதானமா எழுதுவம் எண்டு எத்தினையோ வருசம் பாத்தன். ஆறுற கோவமாத் தெரியேல்லை. அதாலை கோவத்தோடையே எழுதுறன்.

நாங்கள் புங்குடுதீவு. எழுபதுகளின்ரை நடுப்பகுதி, பேக்கரியடியிலை பாணுக்கு விடியப்பறம் வரிசையிலை நிண்ட காலம். ஐயாவும் அம்மாவும் முந்தியே போய்ச் சேர்ந்திட்டினம். என்ரை மனுசனுக்கு மாத்தறைப் பக்கம் கடை. பொங்கலுக்கு ஒருக்கா, கோயில் கொடியேற ஒருக்கா, தீவாளிக்கு ஒருக்கா எண்டு வந்துபோவார். எனக்குப் பிள்ளையள் இல்லை. வீட்டிலை நானும் கடைசித் தங்கச்சியும்தான். அவளுக்கு நான் தலை இழுத்துப் பின்னிச் சோறு தீத்தி வளத்தபடியாலை தங்கச்சி எண்டிறதிலும் பாக்க மகள் எண்டு சொன்னால் பொருந்தும். எங்கள் ரண்டு பேருக்கும் சின்ன வயசிலையே கிட்டப்பார்வை. சோடாப்போத்திலின்ரை அடி மாதிரிக் கண்ணாடி. பள்ளிக்கூடத்துப் பெடியள் எங்களைக் காணேக்கை "போத்தில் வருது, போத்தில் வருது" எண்டு கத்துவாங்கள். அறுவாங்கள், நாசமாப்போவாங்கள்.

அடுத்த வளவிலை பெரியண்ணை. கிளாக்கர் வேலை பாத்துப் பென்சன் எடுத்தவர். எங்கடை குடும்பத்துக்கு அவர்தான் தலை, கால், வாய் எல்லாம். முக்கியமா வாய். ஆருக்குக் காய்ச்சல் எண்டாலும் பரியாரிக்கு முன்னாலை போய் நிண்டு கதைக்கிறது அவர்தான். எங்கை நோகுது, எப்பிடி நோகுது, ராத்திரி நித்திரை கொண்டதோ எல்லாம் அவர் சொல்லுவார். வருத்தக்காரர் பக்கத்திலை மரம் மாதிரி நிப்பினம். எங்கடை பக்கத்திலை அது மரியாதை. பொம்பிளையள் வாய் திறந்தால் "உவள் ஆம்பிளையில்லாத வீட்டுக்காரியோ?" எண்டு கேப்பினம். என்னிலை அவருக்குப் பாசம் இல்லையெண்டு சொல்ல ஏலாது. பாசம் இருந்தது, காதுதான் இல்லை.

ஒருநாள் கிணத்தடியிலை தண்ணி அள்ளிக்கொண்டு நிக்கிறன், இடக்கண்ணின்ரை ஓரத்திலை பளிச்செண்டு ஒரு மின்னல். அண்ணாந்து பாத்தால் வானத்திலை ஒரு பொட்டு முகில் இல்லை. வெய்யில் கொளுத்துது. திருப்பி மின்னிச்சுது. ரண்டொரு நாளிலை கண்ணுக்கு முன்னாலை இலையான் பறக்கத் தொடங்கிச்சுது. ஒரு இலையான் இல்லை, கூட்டமா. நான் கையாலை கலைச்சுக் கலைச்சுப் பாக்கிறன், போகுதில்லை. தங்கச்சி பாத்திட்டு, "என்னக்கா, ஆருக்கு அடிக்கிறியள்?" எண்டு விழுந்து விழுந்து சிரிச்சாள். எனக்கும் சிரிப்பு வந்திட்டுது. பேந்து, அதுக்குப் பிறகுதான், கண்ணின்ரை கீழ்ப்பக்கம், மூக்கோரமா ஒரு இருட்டு. விடிய எழும்பிப் பாக்கப் பாக்க அது மேலை மேலை வருது. தட்டிலை இருக்கிற சோத்தைக் குனிஞ்சு பாத்தால் பாதிச் சோறு இல்லை.

பெரியண்ணைக்குச் சொன்னன். நான் சொன்னது இதுதான், எனக்கு ஒரு சொல்லும் மறக்கேல்லை: "பெரியண்ணை, கண்ணுக்குள்ளை கீழையிருந்து திரை மாதிரி ஒண்டு எழும்புது."

இதிலை அவருக்குக் கேட்டது "திரை" மட்டும்தான். "மாதிரி"யை விட்டிட்டார், "எழும்புது"வை விட்டிட்டார். எங்கடை ஊரிலை கண்ணிலை திரை எண்டால் ஒண்டே ஒண்டு. கிழடுகட்டையளுக்குக் கண்மணியிலை வெள்ளையாப் படருமே, அது. பூ விழுந்திட்டுது எண்டும் சொல்லுவினம். அதுக்கு வைத்தியமும் எல்லாருக்கும் தெரியும். அவசரப்படக்கூடாது, நல்லா முத்தவிட்டு வெட்டவேணும். பிஞ்சிலை கை வைச்சால் கண் பழுதாப்போகும். இது தெரியாத ஒரு குஞ்சு குருமானும் தீவுப்பகுதியிலை இல்லை.

பஸ் ஏறிப் பாலத்தாலை யாழ்ப்பாணத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கை ஒரு டாக்குத்தர். பேர் வேண்டாம், மனுசன் இப்ப உயிரோடை இல்லை. வாசல் வரைக்கும் சனம். எங்கடை முறை வந்த உடனை பெரியண்ணை சால்வையைச் சரிபண்ணிக்கொண்டு, "தங்கச்சிக்குக் கண்ணிலை திரை விழுந்திருக்கு டாக்குத்தர்" எண்டார்.

நான், "விழேல்லை, அது கீழையிருந்து..." எண்டு வாயெடுத்தன்.

"நீ சும்மா இரு பிள்ளை. அவருக்கு விளங்கும்."

டாக்குத்தர் டோர்ச் லைற்றை அடிச்சுப் பாத்தார். எவ்வளவு நேரம்? ஒரு கொட்டாவி விடுற நேரம். "ஓம், கொஞ்சம் மங்கல் தெரியுதுதான். கிட்டப்பார்வைக்காரருக்கு வெள்ளெண, வயசுக்கு முன்னமே வாறது. இப்ப தொடக்கூடாது. முத்தட்டும், முத்தினாப்பிறகு வெட்டுவம்" எண்டு சொட்டுமருந்து எழுதித் தந்தார். என்னை ஒரு கேள்வி கேக்கேல்லை. மின்னலைப்பற்றி, இலையானைப்பற்றி அவருக்கு ஆர் சொன்னது? பெரியண்ணைக்குத் தெரிஞ்சால்தானே சொல்லுறதுக்கு. தங்கச்சிக்கு வாறது தமையனுக்கு மின்னுமோ?

அதுக்குப் பிறகு தொடங்கிச்சுது கூத்து. கோயிலடியிலை, கடையடியிலை, செத்தவீட்டிலைகூட, கண்ட கண்ட சனமெல்லாம், "என்ன பிள்ளை, முத்தீட்டுதே?" ஒரு மனுசி என்ரை இமையைப் பெருவிரலாலை தூக்கிப் பாத்து, "இல்லை, இன்னும் பிஞ்சுதான்" எண்டு தீர்ப்புச் சொல்லிப்போட்டுப் போச்சுது. சந்தையிலை கத்தரிக்காயைக்கூட இப்பிடி நசுக்கிப் பாக்க விடமாட்டினம், கடைக்காரன் கையிலை தட்டுவான். நான் பல்லைக் கடிச்சுக்கொண்டு இருந்தன். எனக்கு உள்ளுக்குள்ளை தெரியும், இது அது இல்லையெண்டு. மச்சாள் ஒருத்திக்குச் சொன்னன், "பூ விழுந்த கண்ணுக்குப் பனிப்புகார் மாதிரித் தெரியுமாம். எனக்கு ஒரு பாதி கறுப்பு, மற்றப் பாதி தண்ணிக்குள்ளாலை பாக்கிற மாதிரி நெளியுது" எண்டு. அவள் சொன்னாள், "முத்தேக்கை அப்பிடித்தான்."

ஒருநாள் விடியக்காலமை வலக்கண்ணைப் பொத்திப் பாத்தன். சன்னல் இல்லை. வெளிச்சம் எந்தப் பக்கம் எண்டும் தெரியேல்லை. ஓடிப்போய்ப் பெரியண்ணைக்குச் சொன்னன். அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துபோச்சு. "அப்ப முத்தீட்டுது! இனி வெட்டலாம்" எண்டார். என்ரை கண் அவிஞ்சுபோச்சுதெண்டு நான் சொல்லுறன், அந்த மனுசன் சந்தோசப்படுது. அவர் செய்த எல்லாத்தையும் மன்னிச்சாலும் அந்தச் சிரிப்பை மன்னிக்கமாட்டன்.

வெட்டுறதுக்கு நாள் பாத்துக்கொண்டு இருக்கேக்கைதான் வலக்கண்ணிலை மின்னிச்சுது.

இருக்கிறது அந்த ஒரு கண். அதுவும் போனால் நான் ஆர்? புத்தகம் இல்லை, தையல் இல்லை, தங்கச்சியின்ரை முகம் இல்லை. அடுப்படிக்கு ஆரும் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போகவேணும். பெரியண்ணைக்கு மூச்சு விடேல்லை. கோயில் கொடியேத்தத்துக்கு என்ரை மனுசன் வந்து நிண்டார். நல்ல மனுசன், தராசையும் நோகாமல் தொடுற ஆள். கிணத்தடிக்குப் பின்னாலை கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னன்: "இஞ்சேருங்கோ, மற்றக் கண்ணிலையும் தொடங்கீட்டுது. என்னைக் கொழும்புக்குக் கொண்டுபோங்கோ. இண்டைக்கே."

"பெரியண்ணையோடை ஒரு சொல்லுக் கதைச்சிட்டு..."

"கதைச்சியளோ, பேந்து உங்கடை முகத்தைப் பாக்கிறதுக்கு எனக்குக் கண் இருக்காது. யோசிச்சுக்கொள்ளுங்கோ."

மனுசன் யோசிச்சுது. பின்னேர பஸ்சிலை வெளிக்கிட்டம்.

கொழும்பிலை ஒரு கண் டாக்குத்தர், எங்கடை ஆள்தான். சொட்டுமருந்து விட்டு, நெத்தியிலை விளக்கைக் கட்டிக்கொண்டு, என்னைப் படுக்கவைச்சுக் கண்ணை அமத்தி அமத்தி மூலை மூலையாத் தேடினார். பேந்து சொன்னார்: "உங்களுக்குத் திரையும் இல்லை, பூவும் இல்லை. கண்ணுக்குப் பின்பக்கத்திலை, சுவரிலை கடுதாசி ஒட்டினமாதிரி ஒரு மெல்லிய படலம் இருக்கு. விழித்திரை எண்டிறது. படம் விழுறது அதிலைதான். உங்கடை இடக்கண்ணிலை அது கிழிஞ்சு, முழுக்கக் கழண்டு, சுருண்டுபோச்சு. வலக்கண்ணிலையும் கிழிஞ்சிருக்கு. ஓரம் கழரத் தொடங்குது." விழித்திரை! அதுக்கும் பேர் திரைதான் எண்டு கேக்க எனக்குச் சிரிக்கிறதோ அழுறதோ எண்டு தெரியேல்லை. எங்கடை சனத்துக்கு ஒரு திரைதான் தெரியும், அது விழுற திரை. எனக்குக் கிழிஞ்சது மற்றத் திரை.

"உதைச் செய்து கை பழகின ஒராள் மதராசிலை இருக்கிறார்" எண்டார் டாக்குத்தர். "ஒரு கண்தான் மிச்சம். நான் எண்டால் அங்கைதான் அனுப்புவன். நாளைக்கு, நாளையிண்டைக்கு எண்டு இழுக்காதேங்கோ."

அந்த நேரம் நாட்டை விட்டு வெளியிலை போறதெண்டால் லேசோ? அனுமதிக்கு மேலை அனுமதி. என்ரை மனுசன், ஒருத்தரிட்டையும் வாய் திறந்து ஒண்டும் கேட்டறியாத மனுசன், அரசாங்கக் கந்தோர் கந்தோரா ஏறி இறங்கிச்சுது. நான் சொந்தக்காரர் வீட்டிலை தலையை அசைக்காமல் கிடந்தன். எல்லாம் சரிவரேக்கை பெரியண்ணை மெயில் ரெயினிலை வந்து இறங்கினார். என்ரை கட்டிலுக்குப் பக்கத்திலை கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, குரலைத் தாழ்த்திக் கதைச்சார். தங்கச்சிக்கு ஒரு சம்பந்தம் பொருந்தி வந்திட்டுதாம். மாப்பிளைக்கு அரசாங்க உத்தியோகம். எழுத்துக்கு, அதுதான் கலியாணப் பதிவுக்கு, நாள் வைக்கப்போகினமாம். "இந்த நேரம் நீ கண் ஒப்பறேசனுக்கெண்டு இந்தியாவுக்குப் போனால் சனம் என்ன கதைக்கும்? குடும்பத்திலை கண் வியாதி எண்டால் அவளை ஆர் எடுப்பினம்? அவளும் கண்ணாடிக்காரி. நான் அவையளுக்கு அது புத்தகம் வாசிக்க மட்டும் போடுறது எண்டு சொல்லியிருக்கிறன். எழுத்து முடியட்டும் பிள்ளை, பிறகு போ."

"முதல் முத்தட்டும் எண்டியள். இப்ப முடியட்டும் எண்டிறியள். ஏன் விடுறியள், என்ரை செத்தவீடும் முடியட்டும் எண்டு சொல்லுங்கோவன்!" நான் கத்தின கத்திலை வீட்டுக்காரர் ஓடிவந்திட்டினம்.

அவர் முகத்தைத் துடைச்சுக்கொண்டு கதிரையைப் பின்னாலை தள்ளினார். பிறகு சொன்னார், "சரி. போறதெண்டால் சிதம்பரத்துக்கு யாத்திரை போறதெண்டு சொல்லிப்போட்டுப் போ." எங்கடை தீவாக்கள் சிதம்பரத்துக்குப் போறது புதினமில்லை. ஆருக்கும் சந்தேகம் வராது. என்ரை கண்ணைக் காப்பாத்த நான் நடராசரைச் சாட்டிக்கொண்டு வெளிக்கிடவேண்டிக் கிடந்தது. போங்கோ, என்னவும் சொல்லுங்கோ எண்டன்.

மதராசிலை அந்தப் பெரிய டாக்டர் கதிரையிலை இருந்துகொண்டு, "சொல்லுங்க, என்ன பண்ணுது?" எண்டார். உடனை என்ரை மனுசன் தொண்டையைச் செருமி, "இவவுக்கு டொக்டர், போன வருசம்..." எண்டு தொடங்கினார். பாருங்கோ, அவரும்! டாக்டர் கையைக் காட்டி நிப்பாட்டினார். "கண்ணு உங்களுதா சார்? அவங்க சொல்லட்டும்."

இவ்வளவு காலத்துக்குள்ளை என்னை ஒருத்தர் கேட்டது அதுதான் முதல்தரம். கடல் கடந்து வரவேண்டிக் கிடந்தது அந்தக் கேள்விக்கு. மின்னலைச் சொன்னன். இலையானைச் சொன்னன். "இலையானா? அது என்னம்மா?" எண்டார். கையாலை பறந்து காட்டினன். "ஓ, ஈயா!" எண்டு சிரிச்சார். மூக்கோரத்து இருட்டைச் சொன்னன். அவர் ஒண்டையும் தட்டிவிடேல்லை, எல்லாத்தையும் கேட்டார். கேட்டு முடிய, அடுத்தநாளே வெட்டவேணும் எண்டார்.

ஒப்பறேசன் முடிஞ்சு ரண்டு கண்ணையும் கட்டி, தலைக்கு ரண்டு பக்கமும் மண்மூட்டையை அண்டைகொடுத்து வைச்சினம். நிமிர்ந்து கிடக்கவேணும், அசையக்கூடாது. நேர்ஸ் பிள்ளை வந்து காதுக்கை சொல்லுது, "அம்மா, யார்கிட்டயும் பேசாதீங்க, என்ன?" எங்களுக்குக் கதைக்கிறது வேறை, பேசுறது வேறை. பேசுறதெண்டால் ஏசுறது. எனக்கு விசர் வந்திட்டுது. "நான் ஆரைப் பிள்ளை பேசினனான்? பேசவேண்டிய ஆள் புங்குடுதீவிலையெல்லோ இருக்கிறார்!" எண்டன். அந்தப் பிள்ளைக்கு ஒண்டும் விளங்கேல்லை. என்ரை மனுசன் அறைக்கு வெளியிலை போய்ச் சிரிச்சதாம். பேந்து சொன்னவர்.

அந்தக் கிடையிலை ஒருநாள் டாக்டர் வந்து கேட்டார், "அந்த இடது கண்ணை ஏம்மா அப்படியே விட்டுட்டீங்க?"

"முத்தட்டும் எண்டு பாத்துக்கொண்டு இருந்தம்."

"என்ன முத்தணும்?"

என்ரை மனுசன் விளங்கப்படுத்தினார். டாக்டர் என்ரை இடக்கண் கட்டுக்கு மேலை மெல்ல விரலை வைச்சார். பேந்து, "அப்பவே வந்திருந்தா ஒட்டியிருப்பேனேம்மா" எண்டார். அவ்வளவுதான். அவர் போனாப்பிறகு நேர்ஸ் சொல்லுது, அழக்கூடாதாம், கண்ணுக்குக் கூடாதாம். அழ ஏலாது, தலையை ஆட்ட ஏலாது, எழும்பியிருந்து நாலு வார்த்தை கத்த ஏலாது. கோவத்தை மல்லாக்கக் கிடந்து விழுங்கினன். என்ரை மனுசன் கரண்டியாலை கஞ்சி பருக்கிக்கொண்டு, "கொஞ்சம் வாயைத் திறவும்" எண்டிறார். என்ரை வாயைத் திறக்கச் சொல்லி அந்தக் குடும்பத்திலை முதல் கேட்ட ஆள் அவர்தான், அதுவும் கஞ்சிக்கு.

கட்டு அவிழ்த்த அண்டைக்கு டாக்டர் விரலைத் தூக்கிப் பிடிச்சு, "இது எத்தனை?" எண்டு கேக்க, நான் கண்ணைத் திறக்க முன்னமே என்ரை மனுசன், "தெரியுது டொக்டர், தெரியுது!" எண்டார். அந்தாளை என்ன செய்யிறது? திறந்து பாத்தன். முதல் எல்லாம் தண்ணி. பேந்து விரல். பேந்து விரலுக்குப் பின்னாலை டாக்டரின்ரை முகம், அதுக்குப் பின்னாலை போட்டிருந்த சேட்டுத் தலைப்பாலை கண்ணைத் துடைச்சுக்கொண்டு நிக்கிற என்ரை மனுசன். வலக்கண் தப்பீட்டுது.

வெளிக்கிடேக்கை டாக்டர் சொன்னார், "பாரம் தூக்காதீங்க. தண்ணி இறைக்காதீங்க. இன்னொண்ணு, கூடப்பிறந்தவங்க யாராவது இதே மாதிரி கண்ணாடி போடறாங்களா? அவங்க கண்ணையும் ஒரு தடவை பாத்துடணும்." நான் என்ரை மனுசனைப் பாத்தன். அவர் நிலத்தைப் பாத்தார்.

பிளேனிலை பலாலியிலை வந்து இறங்கி, காரிலை ஊருக்கு வந்தால், வீடு நிறையச் சனம். யாத்திரை போனவையைக் கும்பிட்டு விபூதி வாங்க வந்து நிக்கினம். பெரியண்ணை எல்லா ஒழுங்கும் செய்துபோட்டார். மதராசிலை ஆசுப்பத்திரிக்கு முன்னாலை இருந்த பிள்ளையார் கோயிலிலை என்ரை மனுசன் வாங்கின விபூதியைச் சின்னச் சின்னப் பொட்டளமாக் கட்டி, சிதம்பரத்து விபூதி எண்டு குடுக்கிறார். என்ரை கறுப்புக் கண்ணாடிக்கும் கதை இருந்தது: "வழியிலை கண் நோவு பிடிச்சிட்டுது, வெயிலுக்குக் கூசுது." மாப்பிளையின்ரை தாயும் வந்திருந்தா. நடுவிலை கதிரை போட்டு இருத்தியிருக்கினம். அவ என்னைக் கேக்கிறா, "என்ன பிள்ளை, நல்ல தரிசனமோ?"

நான் வாயெடுக்க முன்னம் பெரியண்ணை, "தங்கமான தரிசனம்! சன்னிதியிலை நிண்டு கண் குளிரப் பாத்திட்டு வந்திருக்கிறாள்" எண்டார்.

கண் குளிர! எனக்கு உச்சந்தலை கொதிக்குது. ஆனாலும் தங்கச்சிக்காக நாக்கை அடக்கிக்கொண்டு இருந்தன். அப்பத்தான் அவள் தட்டத்திலை தேத்தண்ணி கொண்டு வந்தாள். கண்ணாடி இல்லை. கழட்டி வைக்கச் சொல்லியிருக்கினம். காலாலை தடவித் தடவி நடக்கிறாள். கண்ணாடி இல்லாமல் எனக்கும் அப்பிடித்தான், அது பழக்கம். ஆனால் அவள் நடுவிலை நிண்டு, தலையை ஒரு பக்கமாச் சரிச்சு, முகத்துக்கு முன்னாலை கையை ஒருக்கா வீசினாள். இலையான் கலைக்கிற மாதிரி. வீட்டுக்குள்ளை ஒரு இலையான் இல்லை.

பின்னாலையே குசினிக்குப் போனன். கதவைச் சாத்தினன்.

"எந்தக் கண்ணிலையடி?"

"வலது."

"மின்னுதோ?"

"ஓம்."

"எப்ப தொடக்கம்?"

"நீங்கள் போய்க் கொஞ்ச நாளாலை. பெரியண்ணைக்குச் சொன்னனான். எழுத்து முடியட்டும் எண்டவர். அக்கா, உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன், ஆருக்கும் சொல்லிப்போடாதேங்கோ. அவர் நல்ல மாதிரி அக்கா. எழுத்து முடிஞ்ச உடனை நானே வாறன். கொஞ்ச நாள்தானே."

கொஞ்ச நாள்தானே! இதைக் கேட்டாப்பிறகு எனக்குச் சனமும் தெரியேல்லை, மாப்பிளையின்ரை தாயும் தெரியேல்லை. அவள் என்ரை கையைப் பிடிச்சு இழுக்க இழுக்க நான் விறாந்தைக்குப் போனன். கறுப்புக் கண்ணாடியைக் கழட்டினன். "எல்லாரும் கேளுங்கோ" எண்டன். "நான் சிதம்பரத்துக்குப் போகேல்லை. மதராசிலை கண் வெட்டிப்போட்டு வாறன். உந்த விபூதி ஆசுப்பத்திரி வாசல் விபூதி. இந்த இடக்கண் குருடு, முத்தட்டும் முத்தட்டும் எண்டு சொல்லியே குருடாக்கினவை. இப்ப அதே வருத்தம் இவளுக்கும் தொடங்கீட்டுது. நாளைக்கு முதல் பஸ்சிலை இவளைக் கொழும்புக்குக் கொண்டுபோறன். ஆருக்கு என்ன வேணுமெண்டாலும் இப்ப கேளுங்கோ, நான் சொல்லுறன்."

மாப்பிளையின்ரை தாய் கோப்பையைக் கீழை வைச்சா. சீலையை உதறிக்கொண்டு எழும்பி, "நாங்கள் பேந்து வாறம்" எண்டா. விபூதிப் பொட்டளம் கதிரையிலையே கிடந்தது. பெரியண்ணை சுவரைப் பிடிச்சுக்கொண்டு நிண்டார். "நாசமாக்கிப்போட்டியே பிள்ளை, நாசமாக்கிப்போட்டியே" எண்டார்.

"ஓம், நான்தான். நாளைக்கு மறிக்கிறதெண்டால் பஸ்சுக்கு முன்னாலை வந்து நில்லுங்கோ."

வரேல்லை.

கொழும்பு டாக்குத்தர் அவளின்ரை கண்ணிலை கிழிசலைக் கண்டுபிடிச்சார். இன்னும் கழரேல்லை, கிழிஞ்சது மட்டும்தான். கடுங்குளிர் ஏத்தின ஒரு கம்பியை வைச்சுச் சுத்திவர ஒட்டிவிட்டார், மதராசுக்கும் போகத் தேவையில்லை. மற்றக் கண்ணிலையும் ஒரு இடம் மெல்லிசாக் கிடந்ததாம், அதையும் ஒட்டினார். "எழுத்து முடிய வந்திருந்தால்..." எண்டு நான் கேக்க, அவர் தலையை ஆட்டிப்போட்டுக் கையைக் கழுவப் போயிட்டார்.

அந்தச் சம்பந்தம் போச்சு. பேந்து வந்ததுகளும் கண்ணைக் கேள்விப்பட்டுப் போச்சுதுகள். மாப்பிளை வேறை இடத்திலை முடிச்சு, பிள்ளையளும் இருக்கு எண்டு கேள்வி. தங்கச்சி ஊர்ப் பள்ளிக்கூடத்திலை படிப்பிக்கிறாள். நாங்கள் ரண்டு பேரும் அதே வீட்டிலைதான் இருக்கிறம், அவள் என்னோடை கதைக்கிறதில்லை. தேத்தண்ணி வைச்சுத் தருவாள், டாக்குத்தர் சொன்னபடி கிணத்திலை தண்ணியும் அவள்தான் அள்ளுவாள், என்னை வாளியைத் தொடவிடமாட்டாள். ஒரு சொல்லு வராது. கடைசியா அவள் என்னோடை கதைச்சது கொழும்பாலை வந்த அண்டைக்கு. "பெரியண்ணை உங்களைக் கேக்கேல்லை எண்டு ஊரெல்லாம் கத்தினியள்" எண்டாள். "நீங்கள் என்னைக் கேட்டியளோ?"

கேக்கேல்லை. ஆனால் திருப்பி அந்த விறாந்தையிலை கொண்டுபோய் விட்டாலும் நான் அதைத்தான் செய்வன்.

இதை எழுதிக்கொண்டு இருக்கேக்கை அவள் எனக்கு முன்னாலை இருந்து பள்ளிக்கூடத்துப் பிள்ளையளின்ரை கொப்பியளைத் திருத்துறாள். நான் என்ன எழுதுறன் எண்டு அவளுக்குத் தெரியும். இடைக்கிடை நிமிர்ந்து, ரண்டு கண்ணாலையும் என்னை முறைச்சுப் பாக்கிறாள். நானும் என்ரை ஒரு கண்ணாலை திருப்பி முறைக்கிறன்.